திருவண்டப்பகுதியும் விரியும் அண்டமும்

திருவாசகத்தின் மூன்றாம் பகுதியாகிய திருவண்டப்பகுதி 182 அடிகளால் இயன்றது. தில்லையில் அருளிச்செய்யப்பெற்றது என்பது மரபு. சிவனது பருமையையும் நுண்மையையும் வியந்தது என்று பழையோர் இதற்குக் கருத்து வகுத்துள்ளனர். இப்பாட்டின் முதலாறடிகளைக் கேளாத தமிழ் மாணவர் இக்காலத்து அரியர். எஞ்சிய 176 அடிகளைப் பயின்றவர் எத்துணையர் என வினவின், விடை மகிழ்ச்சி தருவதாக இராது. அவ்வாறடிகளும் பாட்டாகப் பயிலப்பட்டமையாற் பரவியவை அல்ல. அண்டம் விரிகின்றது என மேலைநாட்டு வானியலார் இருபதாம் நூற்றாண்டிற் கண்டதை மாணிக்கவாசகர் முன்னரே கண்டார் என்பதற்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துக்காட்டப்பட்டமையாற் பரவியவை.

யானும் ஆசிரியப்பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில் வகுப்பில் இவ்வாறே கூறியதுண்டு. இயற்பியல் பயின்று பின் தமிழ் முதுகலைக்கு வந்த மாணவர் ஒருவர், “ஐயா, அந்தக் கொள்கை நாளை மாறிவிட்டால் இவ்வடிகளுக்கு வேறு பொருள் சொல்வோமா?” என்று கேட்டார். அன்று யான் கூறிய மறுமொழி நினைவில் இல்லை. வினா நினைவில் உள்ளது. அவ்வினாவிற்குக் காலங்கடந்து எழுதும் விடையாக இக்கட்டுரையைக் கொள்க.

முதற்கண், அடிகள் யாது கூறுகின்றன என்பதை இலக்கணங்கொண்டு காண்போம். அண்டத்தின் பகுதிகளாகிய உருண்டைகளின் பெருக்கம் அளத்தற்கரியது. வளமிக்க பெருங்காட்சி உடையது. ஒன்றற்கு ஒன்று மேம்பட்டு நிற்கும் எழிலைச் சொல்லப்புகின் அவை நூற்றொரு கோடிக்கு மேற்பட விரிந்தன. அவையனைத்தும், வீட்டினுள் நுழையும் கதிரொளியில் நெருங்கிய துகள்போலச் சிறியனவாகுமாறு பெரியோன் அவன். இஃது அவ்வாறடிகளின் பொழிப்பு. ‘விரிந்தன’ என்னும் வினைமுற்றே விரியும் அண்டக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டப்படுவது. இச்சொல் தனித்து நிற்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதற்குமுன் நிற்பது ஓர் எண்; ‘மேற்பட’ என்பது அவ்வெண்ணைக் கடத்தலைக் குறிப்பது. ஆகவே, ஈண்டு விரிதலாவது தொகையால் மிகுதலேயன்றி இடத்தால் அகலுதல் அன்று. மேலும், அவ்வினை ‘பகரின்’ என்னும் எச்சத்தை அவாவி நிற்கின்றது. சொல்லப்புகின் விரியும் என்றமையான், விரிவு சொல்லுவான் எண்ணும் எண்ணிக்கையைச் சார்ந்தது.

வானியலார் கூறும் விரிவோ முற்றிலும் வேறானது. விண்மீன் திரள்கள் தாமாக அகன்று பெருப்பதில்லை. எண்ணிக்கையாற் பெருகுதலும் அக்கொள்கையின் பொருளன்று. திரளுக்கும் திரளுக்கும் இடைப்பட்ட வெளியே விரிகின்றது. ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிற்கு நொடிக்கு 70 கிலோமீட்டர் அளவில் அவை ஒன்றினின்று ஒன்று விலகுகின்றன. இருமடங்கு தொலைவில் உள்ளது இருமடங்கு விரைவில் விலகும். தொலைவுக்கும் விரைவுக்கும் உள்ள இத்தொடர்பே அக்கொள்கையின் உயிர். அத்தொடர்பு திருவண்டப்பகுதியில் யாண்டும் இல்லை. இன்மை பாட்டிற்கு இழுக்கும் அன்று. விலகுதலைக் கூறாத பாட்டினை விலகுதலைக் கூறியதாகச் சொல்வதே இழுக்கு.

இனி, உவமையைக் காண்போம். கதிரொளியில் மிதக்கும் துகளைக் குறிக்க அடிகள் ஆண்ட சொல் ‘அணு’. இச்சொல் கண்டவுடன் அணுவியல் கண்டார் என்பாரும் உளர். ஈண்டு அணுவிற்கு ஒப்பாவது நுண்பொருள் அன்று, அண்டம். மிகப் பெரியதற்கு மிகச் சிறியது உவமையாயிற்று. உவமை உயர்ந்ததன் மேலதாதல் வேண்டும் என்னும் தொல்காப்பியர் கொள்கைக்கு இது மாறுபோலத் தோன்றும். மாறன்று, ஈண்டுக் கருதிய பண்பு சிறுமை. சிறுமையில் துகளே அண்டத்தினும் உயர்ந்தது! இவ்வாறு உவமையைத் தலைகீழாக்கியதில் உள்ள கவித்திறத்தை அணுவியல் தேடுவோர் காண்பதில்லை.

இதே காட்சியை உரோமநாட்டு இலத்தீன் புலவர் லுக்ரீசியசு, கி.மு. முதல் நூற்றாண்டில், தம் பெரும்பாட்டின் இரண்டாம் பகுதியில் அமைத்துள்ளார். இருண்ட வீட்டினுள் புகும் ஞாயிற்றொளியில் துகள்கள் போரிடுவனபோலச் சுழலும். கண்ணுக்குப் புலனாகாத அணுக்களின் இயக்கமே அச்சுழற்சிக்குக் காரணம் என்பர் அவர். உண்மையில், நாம் காணும் அச்சுழற்சி பெரும்பாலும் காற்றோட்டத்தால் நிகழ்வது. எனினும், புலப்படாத மூலக்கூறுகளின் மோதலால் நுண்துகள் அலையும் என்பதை 1905இல் ஐன்சுடைன் கணக்கிட்டு விளக்க, சில ஆண்டுகளில் பிரான்சு நாட்டுப் பெரேன் ஆய்வால் நிறுவினார். லுக்ரீசியசு தம் துகளைக் காரணங் காணற்குக் கருவியாக்கினார். தெய்வங்களின் தலையீடு இன்றியே உலகம் இயங்கும் என்பது அவர் நாட்டிய முடிபு. மணிவாசகர் அதே துகளை வியத்தற்குக் கருவியாக்கினார். அவர் முடிபு இறைவன் பெருமை. ஒரு வீட்டினுள் நுழைந்த ஒரே கதிர் இருவர்க்கும் இருவேறு பயன் தந்தது. ஒப்பிலக்கியம் பயில்வோர் நிற்கவேண்டிய இடம் இது. இருவருள் எவர் இயற்பியலை முந்திக் கண்டார் என்று பந்தயம் வைப்பதற்குரிய இடம் அன்று.

பரிபாடலின் இரண்டாம் பாடலும் இவ்வாறே ஆளப்படுகின்றது. வான், வளி, தீ, நீர், நிலம் என்னும் பூத முறைவைப்பும், பூப்பெயர் பூண்ட பேரெண்களால் ஊழிகளைச் சுட்டுதலும் ஆண்டு உள. அம்முறைவைப்பு உபநிடதத்திலும் காணப்படுவது. பெருவெடிப்புக்குப் பின் நிகழ்ந்தனவாக இயற்பியலார் கூறும் வரன்முறையோடு பொருந்துவது அன்று. இதற்குமேல் விரித்தல் வேண்டா.

புறநானூற்று முப்பதாம் பாட்டோ இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது அது. ஞாயிற்றின் செலவு, அதன் இயக்கம், அவ்வியக்கம் சூழ்ந்த வட்டம், காற்று இயங்கும் திசை, ஆதாரமின்றி நிற்கும் வானம் ஆகியவற்றைத் தாமே சென்று அளந்தவர்போல இத்துணை என்று சொல்வாரும் உளர் எனப் பாட்டுத் தொடங்கும். தமிழர் வானநூல் அறிவுக்குச் சான்று காட்டுவோர் இவ்வளவில் நிறுத்திக்கொள்வர். புலவர் நிறுத்தவில்லை. அவ்வறிவினராலும் அறியப்படாத அடக்கம் உடையவன் நீ என்கின்றார். யானை தன் கதுப்பில் அடக்கிய எறிகல்போல நின் வலிமை ஒளித்துள்ளது. அதனை விளங்கப் பாடுதல் புலவர்க்கு எங்ஙனம் இயலும் என்கின்றார். வானம் அளக்கப்படுவது, மன்னன் வலிமை ஒளிக்கப்பட்டது. வானத்தை அளப்பார் அறிவைப் புலவர் பழிக்கவும் இல்லை, அவ்வறிவைத் தமக்குச் சான்றாக இரக்கவும் இல்லை. அளவைக் கூறியது அளவிற்கு உட்படாததைச் சுட்டுதற்கே.

இந்த அமைப்பை மனத்திற்கொண்டு திருவண்டப்பகுதியின் நடுப்பகுதிக்குச் செல்வோமாயின் ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அதற்குமுன் இயற்பியலின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைக் கூறல் வேண்டும். பாட்டின் நடுப்பகுதியொடு அதற்கு உறவு உண்டு.

ஐன்சுடைன் 1917இல் தம் பொதுச்சார்புக் கொள்கையை அண்டம் முழுமைக்கும் பொருத்தியபோது, அண்டம் அசையாது நிற்பது என்றே கருதி, அதன்பொருட்டுச் சமன்பாட்டில் ஓர் உறுப்பைப் புகுத்தினார். உருசிய நாட்டுப் பிரீட்மன் 1922இல் விரியும் அண்டமும் அச்சமன்பாட்டிற்கு ஒத்ததே எனக் காட்டினார். 1927இல் பெல்சியத்து லெமைத்ர், விரிவைத் திரள்களின் விலகலொடு பொருத்தி எழுதினார். 1929இல் ஹப்பிள் தொலைவளவுகளைக் கொண்டு அவ்வுறவை வெளியிட்டார். இவருள் லெமைத்ர் கத்தோலிக்கக் குருவானவர். அண்டம் ஒரு தொடக்க நிலையினின்று கிளைத்தது என்னும் கருத்தை 1931இல் ஒரு சிறு குறிப்பாக ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டவரும் அவரே.

இருபதாண்டு கழித்து, 1951 நவம்பர் 22ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு தம் அறிவியற் கழகத்தாரிடை ஆற்றிய உரையில், இப்புதிய வானியல் படைப்பிற்கும் படைத்தோனுக்கும் சான்று பகர்கின்றது என்னும் கருத்துப்பட மொழிந்தார். குருவானவராகிய லெமைத்ர் இதனால் மகிழ்ந்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவர் மகிழ்ந்திலர். தம் கொள்கை சமயத்திற்கும் மெய்ப்பொருளியலுக்கும் புறம்பாக நிற்பது, பொருள்முதற்கொள்கையினரும் அதனை ஏற்கலாம் என்பதே அவர் கடைப்பிடித்த நிலை. 1952இல் உரோமையில் கூடிய வானியலாரிடை அதே திருத்தந்தை பேசுங்கால் அவ்வாதத்தை எழுப்பவில்லை. இதற்கு லெமைத்ரின் தலையீடு காரணம் என்று வரலாற்றாசிரியர் கருதுவர். அக்காலத்தே ஹாயில் முதலியோர் அண்டம் தொடக்கமின்றி என்றும் ஒருபடித்தாய் உள்ளது என்னும் மறுகொள்கையை வலியுறுத்தி வந்தனர். 1965இல் வெளியான நுண்ணலைப் பின்னொளிக் கண்டுபிடிப்பு அம்மறுகொள்கையை வீழ்த்தியது. ஆயினும், லெமைத்ர் 1951இல் அஞ்சியது தம் கொள்கை தோற்கும் என்று அன்று. தோற்கவும் வெல்லவும் கூடிய ஒன்றின்மேல் இறைநம்பிக்கையை ஏற்றிவைப்பதையே அவர் விரும்பவில்லை. பயசின் கூற்றைச் சமயவாதமென இகழும் நம்மவர் சிலர், திருவாசகத்தை முன்வைத்து அதையே செய்வது வியப்பு.

பாடவேறுபாடு ஆராயும் நமக்கு உவப்பானதொரு செய்தியும் உண்டு. 1931ஆம் ஆண்டுக் குறிப்பின் தட்டச்சுப் படியில், அச்சேறாத ஓர் இறுதிப்பத்தி இருந்தது. இறைவன் இயல்பாகவே மறைந்திருப்பவன் என்று நம்புவோர், இக்கால இயற்பியல் படைப்பினை மறைக்கும் திரையாய் அமைவதைக் கண்டு மகிழலாம் என்னும் கருத்தினது அப்பத்தி. அச்சிற்கு முன்னர் அஃது அடிக்கப்பட்டது. இக்கருத்து விவிலியத்து ஏசாயா நூலின் மறைந்திருக்கும் இறைவன் என்னும் தொடரை அடியொற்றியது. தம் அறிவியல் இறைவனைக் காட்டுகின்றது என்று அவர் எழுதவில்லை, மறைக்கின்றது என்று எழுதினார். அதனையும் அறிவியல் இதழில் வைக்க ஒருப்படவில்லை.

இனித் திருவண்டப்பகுதியின் நடுவிற்கு வருவோம். அண்டங்கள், ஐம்பூதங்கள், ஞாயிறு, திங்கள் எல்லாம் கூறப்பட்டபின், ‘காண்க’ எனக் காட்டும் சொல் அடுக்கி வரும். பேரின்பக் கடல் கருமுகிலாய் எழுந்து திருப்பெருந்துறை வரையில் ஏறிப் பொழிந்த பெருமழை உருவகம் வரும். அதன்பின் பாட்டின் போக்கே மாறுகின்றது. காட்டிய நாவே ஒளித்தலைப் பேசத் தொடங்குகின்றது. ஒருமையுற்று நோக்கிய உள்ளத்தார்க்கு ஒளித்தான். மறைவழியே தேடி வருந்தினார்க்கு ஒளித்தான். இவ்வழியாற் காண்போம் என உறுதிபூண்டு இருந்தார்க்கு அவ்வழியினுள்ளேயே ஒளித்தான். ஒளிக்கும் கள்வனைக் கண்டோம், மலர்மாலையால் காலைத் தளையிடுங்கள், சூழுங்கள், விடாது பற்றுங்கள் என்று கூவினார் பிடிக்கும் அகப்படாது ஒளித்தான்.

இவற்றுள் மூன்றாவது கூற்று பெரிதும் சிந்திக்கத்தக்கது. தேடுவோர் வழி தவறானது என்று அடிகள் கூறவில்லை. எவ்வழியை அவர் நம்பினரோ அவ்வழியிலேயே ஒளித்தான் என்கின்றார். யோகமாயினும் மறையாயினும் இதுவே நிலை. முதலாறடியை வானியலாக்கி அதனால் இறைவனையோ தமிழரின் அறிவையோ நிறுவப்புகுவார்க்கு, அதே பாட்டு 120 அடிகளுக்கு அப்பால் விடை வைத்துள்ளது. முதலாறடியோடு நின்றமையால் அவ்விடை அவர் கண்ணிற் படவில்லை.

புறநானூற்றுப் புலவரும் மணிவாசகரும் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றமையும் காண்க. ஆண்டு ஒளித்தது மன்னன் வலிமை. ஈண்டு ஒளித்தவன் இறைவன். வானத்தை அளந்து காட்டி, அளவிற்கு அப்பால் ஒளித்ததை நோக்கித் திருப்புவது தமிழ்ப் புகழ்ப்பாட்டின் பழைய நெறி. அந்நெறியைப் பத்திமைக்கு மாற்றியமைத்தவர் மணிவாசகர் என்பது என் துணிபு. இது நேரே கடன் கொண்டதாதல் வேண்டுமென்பதில்லை. மரபு ஒன்றாதலே அமையும்.

சைவ நெறி நின்று நோக்கினும் பெருவெடிப்போடு இப்பாட்டை ஒட்டவைத்தல் பொருந்தாது. சைவ சித்தாந்தம் உலகம் இன்மையினின்று ஒருகாற் படைக்கப்பட்டது என்று கொள்வதில்லை. இறை, உயிர், தளை மூன்றும் தொடக்கமிலாதன. உலகம் மாயையினின்று தோன்றி, மாயையில் ஒடுங்கி, மீண்டும் தோன்றுவது. ஒடுக்கிய முதல்வனிடத்தினின்றே உலகம் மீளத் தோன்றும் என்பது சிவஞானபோத முதற்சூத்திரத்தின் கருத்து. மெய்கண்டார் மணிவாசகர்க்குப் பிற்பட்டவர். அவர் நூற்கொள்கையை முன்னோர் பாட்டில் ஏற்றுதல் வரலாற்று முறையன்று என்று ஒருவர் கூறலாம். கூறினும், திருவண்டப்பகுதியே ஏழாம் அடிதொட்டு நான்முகர் தொகையையும் திருமால்கள் மிகுதியையும் தோற்றத்தையும் ஈற்றையும் பேரூழியையும் ஒருங்குவைத்து, அவையனைத்தும் சூறைக்காற்றிற் சுழலும் பொருள்போல அவனாற் பெயர்க்கப்படுவன என்கின்றது. நான்முகர் பலரெனின் தோற்றமும் பலவாம். பயசு கண்டு மகிழ்ந்த ஒற்றைத் தொடக்கம் இப்பாட்டிற்கு வேண்டப்படுவதன்று.

இயற்பியலும் தன்பால் முடிபினைக் கொண்டிருக்கவில்லை. ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுக்கு முன் அண்டம் மிகுவெப்பமும் மிகுசெறிவும் உடைய நிலையில் இருந்தது என்பது உறுதி. அந்நிலைக்கு முன் யாது என்பதும், ‘முன்’ என்னும் சொல் ஆண்டுப் பொருள்படுமா என்பதும் ஆய்வில் உள்ளன. 1998இல் விரிவு விரைவுறுகின்றது எனக் கண்டனர்; அதற்குக் காரணமாகக் கூறப்படும் கருமை ஆற்றலின் இயல்பு இன்னும் தெளியப்படவில்லை. விரிவின் வீதத்தை ஒருமுறையால் அளப்போர்க்கு 67ம் மற்றொரு முறையால் அளப்போர்க்கு 73ம் கிடைக்கின்றன. இவற்றுள் எதனோடு திருவாசகத்தைப் பொருத்துவது? மாணவர் வினவிய வினா இதுவே.

தில்லைக் கூத்தனை நுண்துகளியலொடு ஒப்பிட்டு காப்ரா என்பார் 1975இல் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. 2004இல் செனீவா நகரை அடுத்த அணுத்துகள் ஆய்வுக் கூடத்தில் இந்திய அரசு வழங்கிய ஆடவல்லான் திருமேனி நிறுவப்பெற்றது. தமிழர்க்கு இது பெருமையே, மறுப்பாரில்லை. ஆயின், அவ்வொப்பீட்டில் பெரிதும் பேசப்படுவன படைத்தலும் அழித்தலும். துகள்கள் தோன்றி மறைவதால் அவை எளிதிற் பொருந்தின. கூத்தனின் தொழில் ஐந்து என்பது நம் நூல்களின் துணிபு. ஊன்றிய திருவடி மறைத்தலையும் தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என உண்மை விளக்கம் கூறும். ஆனந்த குமாரசாமி 1918இல் வெளியிட்ட தம் நூலிலேயே ஐந்தினையும் எடுத்துரைத்துள்ளார். மறைத்தலுக்கும் அருளலுக்கும் துகளியலில் இணை இல்லையாதலின் அவை பின்தங்கின. ஒப்பீடு எவ்விரண்டை விட்டதோ அவ்விரண்டே மணிவாசகர்க்கு இன்றியமையாதவை.

எதிர்த்தரப்பினர்க்கும் ஒரு சொல். அறிவியல் அன்றெனின் இம்முதலாறடி வெறும் பழங்கற்பனைதானே என்பாரும் எழுவர். கோடிக்கணக்கான உலகுகளை ஒருங்கு நினைந்து, மறுகணமே அவற்றை வீட்டுத் தூசாகக் காணும் உள்ளத்தின் பாய்ச்சல் அறிவியல் நற்சான்று பெற்றுத்தான் பெருமை அடையவேண்டும் என்பதில்லை. போப்பையர் 1900இல் ஆங்கிலத்தில் திருவாசகத்தை வெளியிட்டபோது அண்ட விரிவு கண்டறியப்படவில்லை. அதனால் அவர் ஈடுபாடு குன்றியதும் இல்லை.

பாட்டின் முடிவை நோக்குக. கோடி அண்டங்களில் தொடங்கியது, ஐம்பூதங்களில் இறங்கி, மழையாகிப் பெருந்துறையில் பெய்து, தேடுவார்க்கெல்லாம் ஒளித்து, கடைசியில் ஓர் உடம்பினுள் வந்து புகுகின்றது. நாயினது போன்ற இவ்வுடம்பின் மயிர்க்கால்தோறும் அமுதம் தேங்குகின்றது; என்பின் துளைதோறும் அமுதத் தாரைகள் ஏறுகின்றன. கரும்பும் விளாங்கனியும் தேடித் திரியும் களிறுபோலத் தம்மையும் இருக்கச்செய்தான் என்கின்றார் அடிகள். நூற்றொரு கோடி என்று எண்ணத் தொடங்கியவர் என்புத் துளைகளை எண்ணவில்லை. ஏழாம் அடியில் தொகைதொகையாய் வந்த நான்முகனும் மாலும் இறுதியடியில் மீண்டும் வருகின்றனர், அறியாதவர்களாக.